பாசிக்குடாவுக்கு இரண்டு சைக்கிள்கள்

பாசிக்குடாவை நீங்கள் அறிவீர்கள். பெருநாள் கழிந்த மறுநாள் வேன் பிடித்து, பெரிய சட்டியில் புரியாணியை ஏற்றிக்கொண்டு, குடும்பம் கோத்திரமாகப் போயிருப்பீர்கள். பிள்ளைகளையும் ஆண்களையும் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, மர நிழலில் பாய் விரித்து, செருப்புகளுக்கும் கைப்பைகளுக்கும் காவல் இருந்திருப்பீர்கள். அஸருக்குப் பின் மணலைத் தட்டிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். எத்தனை தடவை போனீர்கள் என்று கேட்டால் பத்துத் தடவை என்பீர்கள். கடலில் கால் நனைத்தீர்களா என்று கேட்டால் சற்று யோசிப்பீர்கள்.

நான் எழுத வந்தது அதே பாசிக்குடாவைப் பற்றித்தான். ஆனால் இது வேன் பயணம் அல்ல. கடந்த ஜூலை மாதத்தில் நானும் என் துணைவியாரும் காத்தான்குடியிலிருந்து ஆளுக்கொரு சைக்கிளில் புறப்பட்டு, ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஓடி, அங்குள்ள பெரிய உல்லாச ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கி, மீண்டும் சைக்கிளிலேயே வீடு வந்து சேர்ந்தோம். ஒரு மௌலவிக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களும் கடைசி வரை வாசிக்கட்டும்.

சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசை. என் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் படங்குக்குள் உறங்கியது. அரபுக் கல்லூரிக்குப் போய்வருவதற்காகப் பழைய லுமாலா சைக்கிள் ஒன்றைத் தேடி வாங்கினேன். அந்த நாட்களில் துருப்பிடித்த சைக்கிளுக்கும் தங்கத்தின் மதிப்பு வந்திருந்தது. சில வாரங்கள் சென்றதும் பிள்ளைகளின் உம்மா கேட்டார்: “எனக்கும் ஒண்டு எடுத்தா என்ன? தையல் வகுப்புக்குப் போக ஒவ்வொரு நாளும் ஆட்டோவுக்குக் குடுக்கிற காசு மிச்சம்தானே.”

சிறு பிள்ளையாக இருந்தபோது அவர் தன் காக்காவின் சைக்கிளில் வளவுக்குள் ஓடிப் பழகியவர். பன்னிரண்டு வயதோடு அது நின்று போனது. முப்பது வருடங்களுக்குப் பின் மீண்டும் ஏறினார். மாலையில் மத்ரஸா மைதானத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு வாரம் பழகினார். பிறகு வீதிக்கு வந்தார். “மௌலவிட பொஞ்சாதி சைக்கிள் ஓடுறாவாம்” என்ற செய்தி எங்கள் சைக்கிள்களை விட வேகமாக ஊரைச் சுற்றி வந்தது. என்னோடு ஓதிய ஆலிம் ஒருவரே வந்து சட்டம் கேட்டார். ஆயிஷா நாயகியோடு பெருமானார் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதல் தடவை நாயகி முந்தியதும், பின்னொரு காலம் அவர்களின் உடல் சற்றுப் பருத்திருந்தபோது பெருமானார் முந்தியதும் அபூதாவூதில் பதிவாகியிருப்பதை அவருக்கு நினைவூட்டினேன். அவரும் ஓதியவர்தானே, தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார். மார்க்கம் தடுக்காத ஒன்றை ஊர் தடுத்தால், விளக்கம் சொல்ல வேண்டியது ஊர்தான்.

கத்தாரில் தொழில் பார்க்கும் எங்கள் மூத்த மகன்தான் ஹோட்டல் அறையைப் பதிந்து, பணத்தையும் கட்டி, தாளை அனுப்பிவிட்டான். உள்நாட்டவருக்கென்று குறைந்த கட்டணம் ஒன்று உண்டு. அப்படியிருந்தும் அந்தத் தொகையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. “வேனுக்குச் சொல்லட்டா?” என்று நான் கேட்டேன். “சைக்கிள் இரிக்கேக்க வேன் என்னத்துக்கு?” என்றார் அவர்.

சகோதரிகள் முதலில் கேட்கப் போவது உடுப்பைப் பற்றித்தான் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். நீளமான அபாயாவோடு சைக்கிள் ஓடுவது ஆபத்து. பின் சக்கரத்தின் கம்பிகளுக்குள் ஓரம் சிக்கினால் ஆளையே இழுத்து விழுத்திவிடும். என் துணைவியார் தையல் தெரிந்தவர். கணுக்கால் வரை தளர்வான காற்சட்டை, அதன்மேல் முழங்காலுக்குக் கீழே வரும் அகன்ற மேலாடை, இரண்டு பக்கமும் வெட்டி உள்ளே துணி கொடுத்துத் தைத்தது. ஏறி இறங்கவும் இலகு, காற்றில் பறக்கவும் மாட்டாது. கழுத்தில் தொங்காமல் தைத்து ஒட்டிய ஸ்காப். சைக்கிளும் நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிளாக, செயினை மூடும் கவரும் பின் சக்கரத்தின் இரு பக்கமும் வலையும் உள்ளதாக இருக்க வேண்டும். ஆசனத்தை மிகவும் பணித்து வைத்தால் அரை மணித்தியாலத்தில் முழங்கால் நோகும். உட்கார்ந்து மிதிக்கும்போது கால் ஏறக்குறைய நேராகும் உயரமே சரியான உயரம்.

பொதிகள் அதிகம் இல்லை. கெரியரில் கட்டிய ஒரு பை எனக்கு, ஒரு பை அவருக்கு. காற்றடிக்கும் பம், டியூப் ஒட்டும் சாமான், இரண்டு போத்தல் தண்ணீர், முஸல்லா, ஒரு பொதி ஈத்தம்பழம்.

ஸுபஹ் தொழுத கையோடு புறப்பட்டோம். ஜூலை மாதத்தில் மட்டக்களப்புப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும் காலம். காலை பத்து மணிக்குப் பிறகு மேற்கிலிருந்து அனலாக வீசும் அந்தக் காற்றுக்கு முன்னால் எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவும் இலாபம்.

கல்லடிக்கு வரும்போது வானம் வெளுத்துவிட்டது. 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு பழைய இரும்புப் பாலத்தில் கனரக வாகனங்கள் இல்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் அது ஓர் அருமையான வழி. வாவியில் வலை வீசுபவர்கள் நின்றார்கள். பாடும் மீனைக் கேட்க முழுநிலவு இரவில் தோணியில் போய்த் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும் என்பார்கள். நாங்கள் கேட்டது வலைக்காரர்கள் மீன் விலை பேசியதைத்தான்.

அங்கிருந்து திருகோணமலை வீதி. அவரை முன்னால் விட்டு நான் பின்னால் ஓடினேன். மெதுவாக ஓடுபவர் முன்னே போக வேண்டும், அப்போதுதான் இருவரும் ஒன்றாகப் போய்ச் சேரலாம். கலியாணம் முடித்த காலம் முதல் மோட்டார் சைக்கிளில் அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்தவர். வைத்தியசாலை, கலியாண வீடு, மையித்து வீடு, பிள்ளைகளின் பாடசாலை எல்லாம் அப்படித்தான். இன்று அவர் எந்த மரத்தைப் பார்க்கிறார், எந்தக் கடையில் தலையைத் திருப்புகிறார், எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறார் என்று பின்னால் இருந்து பார்க்கும் முறை எனக்கு வந்தது. வாகனம் இல்லாத இடங்களில் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்வேன். வீட்டில் ஒரு மாதத்தில் பேசாத பேச்சை அந்த வீதியில் பேசினோம். பெரும்பாலும் ஒன்றுமில்லாத பேச்சுத்தான்.

அந்த வீதியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு எங்கள் ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் நடந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அதற்கு அடுத்த மாதம், செப்டம்பரில், சத்துருக்கொண்டான் பகுதித் தமிழ்க் கிராமத்தவர்கள் குழந்தை குட்டிகளோடு கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் அங்கே நினைவுத் தூபி உண்டு. வேனில் போகும்போது இந்த ஊர்களெல்லாம் பெயர்ப் பலகைகளாகக் கடந்து போய்விடுகின்றன. சைக்கிளில் ஒவ்வோர் ஊருக்கும் பத்து நிமிடமாவது கொடுக்க வேண்டியிருக்கிறது. சத்துருக்கொண்டானில் எங்கள் பேச்சு தானாகவே நின்றது. ஏறாவூர் வரும் வரை இருவரும் வாய் திறக்கவில்லை.

ஏறாவூரில் அப்பமும் மாசிச் சம்பலும் பிளேன்டியும். கடைக்காரர் சைக்கிள்களைப் பார்த்துவிட்டு, “மௌலவி, பெற்றோல் திரும்பவும் இல்லாமப் பெய்த்தா?” என்று பதறிப்போனார்.

செங்கலடி, வந்தாறுமூலை தாண்டினால் இரண்டு பக்கமும் தமிழ்க் கிராமங்கள். அங்கே பெண்கள் சைக்கிள் ஓடுவது ஒரு செய்தியே அல்ல. கிழக்குப் பல்கலைக்கழக மாணவிகளும் கடைக்குப் போகும் பெண்களும் எங்களைக் கடந்து போனார்கள். சித்தாண்டிக்குக் கிட்ட என் துணைவியாரின் செயின் கழன்றது. நான் இறங்கி என் சைக்கிளை மரத்தில் சாத்துவதற்குள், பின்னால் வந்த ஒரு பெண் நிறுத்திவிட்டார். விறகுக் கட்டோடு வந்தவர். ஒரு குச்சியை முறித்துச் செயினைப் பல்லில் தூக்கிப் போட்டு, மிதியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார், வேலை முடிந்தது.

“எங்க அக்கா போறீங்க?”

“பாசிக்குடாவுக்கு, தங்கச்சி.”

“சைக்கிள்லயா? பஸ்ஸுக்குக் காசு இல்லையா?”

“தங்கிறதுக்குக் காசு கட்டியாச்சி. அதனாலதான் சைக்கிள்ல போறம்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பை நான் ஓரமாக நின்று பார்த்தேன். முறக்கொட்டாஞ்சேனை வரை அந்தப் பெண் பக்கத்திலேயே ஓடி வந்தார். பிள்ளைகள் எத்தனை, எத்தனை வயது, நெல் விலை என்ன, அந்த மேலாடை எங்கே தைத்தது என்று எல்லாம் பேசி முடிந்தது. பிரியும்போது துணைவியார் பையிலிருந்த ஈத்தம்பழத்தில் பாதியை அவர் கையில் வைத்தார்.

கிரானில் ஒரு மரத்தடியில் செவ்விளநீர் குடித்து அரை மணித்தியாலம் ஆறினோம். அதற்குள் கச்சான் தொடங்கிவிட்டது. கடைசி எட்டுப் பத்துக் கிலோமீற்றர் இலேசாக இருக்கவில்லை. அவருடைய முகம் சிவந்து போனது. ஒரு லொறியை மறித்து ஏற்றி அனுப்பட்டுமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மிதித்தார். வாழைச்சேனைக்குக் கிட்ட வந்ததும் அந்தக் காகித ஆலையின் நினைவு வந்தது. 1950களில் தொடங்கி வைக்கோலிலிருந்து காகிதம் செய்த ஆலை அது. எங்கள் தலைமுறையின் கொப்பித் தாள்களில் அதன் வாசனை இருந்தது. அங்கிருந்து கல்குடா வீதியில் திரும்பினால் காற்றில் உப்பு வந்துவிடும்.

பெயர்களைப் பாருங்கள். குடா என்பது நிலத்துக்குள் வளைந்து வந்த கடல். பாசி உள்ளது பாசிக்குடா, கல் உள்ளது கல்குடா. ஒரு முனை இரண்டையும் பிரிக்கிறது. 1970களிலேயே இங்கே உல்லாச ஹோட்டல்கள் இருந்தன. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி, அதன் பின் யுத்தம், 2004இல் சுனாமி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சுவர்கள் மட்டும் மிஞ்சிக் கிடந்த காலத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு கரையோரம் பங்கிடப்பட்டு, 2011 முதல் புதிய ஹோட்டல்கள் எழுந்தன. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின்னும், கொரோனாவின்போதும், 2022இலும் அவை வெறிச்சோடிக் கிடந்தன. இப்போது மீண்டும் ஆள் வருகிறது.

ஹோட்டல் வாயிலில் காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்தார். “ஆரப் பாக்க வந்தீங்க?” வேலை செய்யும் யாரோ ஒரு பையனின் தாய் தகப்பன் என்று நினைத்திருக்கிறார். தாளைக் காட்டினேன். தாளைப் பார்த்தார், சைக்கிள்களைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். அதற்குப் பின் “சேர், மேடம்” ஆகிவிட்டோம். பெட்டரியில் ஓடும் சிறிய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து ஏறச் சொன்னார்கள். “இவ்வளவு தூரம் ஓடி வந்த நாங்க கடைசி நூறு யாருக்கு வண்டியில ஏறவா?” என்று என் துணைவியார் பூங்கன்றுகளுக்கு நடுவே சைக்கிளை ஓட்டிக்கொண்டே போனார். வரவேற்க நின்ற பிள்ளை குளிர்பானத் தட்டோடு பின்னால் ஓடினாள்.

அறையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். இரண்டு பேருக்கு எட்டுத் தலையணைகள் இருந்தன என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தபடியால் குளிர்சாதனப் பெட்டியில் மது எதுவும் வைக்கவில்லை. உணவு விடயத்தில் எங்கே போனாலும் வெட்கப்படாமல் கேளுங்கள். இறைச்சி எங்கிருந்து வருகிறது, எந்தச் சட்டியில் பொரிக்கிறார்கள் என்று நான் சமையல் பொறுப்பாளரிடமே கேட்டேன். அவரும் முகம் சுளிக்காமல் எங்களுக்கென்று மீனைத் தனியாகச் சமைத்துத் தந்தார். என் மனம் ஒப்பாதது வேறொன்று. அந்த நீண்ட மேசைகளில் பரப்பிய உணவும், பாதி தின்றுவிட்டு எழுந்து போனவர்களின் தட்டுகளும். ஒரு சஹனில் ஆறு பேர் உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டுப் பழகிய கண்ணுக்கு அது ஆறவில்லை.

நீச்சல் தடாகத்தில் ஆண்களும் பெண்களும் ஒன்றாக இருந்தார்கள். பஞ்சுத் துணியோடு இறங்கவும் கூடாது. ஆகவே அது எங்களுக்கு ஓர் அழகான நீலப் படம் மட்டுமே. கிழக்குக் கரையில் இன்னுமொரு விசேடம், கடலுக்கு முதுகைக் காட்டித்தான் தொழ வேண்டும். திரையை விலக்கினால் கண் நிறையக் கடல், தக்பீர் கட்டினால் பின்னால் அதன் சத்தம். கஸ்ர் செய்தீர்களா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நம்முடைய ஷாபிஈ மத்ஹபில் அதற்கு 80 கிலோமீற்றருக்கு மேல் தூரம் வேண்டும். கால்கள் எவ்வளவு நொந்தாலும் 40 கிலோமீற்றர் 40தான். முழுமையாகவே தொழுதோம்.

மாலையில் கரையில் நடந்தோம். ஹோட்டல் கதிரைகள் தங்களுக்கே உரியவை என்பார்கள், ஆனால் கடற்கரை அரசாங்க நிலம். எந்த ஹோட்டலும் அதில் நடப்பவரை மறிக்க முடியாது. குடாவின் அந்தத் தொங்கலில் பொதுமக்கள் குளிக்கும் பகுதி. வேன்கள் வந்திருந்தன. பிள்ளைகள் கத்திக்கொண்டு குளித்தார்கள். மரத்தடியில் நம் பெண்கள் செருப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். என் துணைவியார் அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். கடல் பக்கம் அவர் ஓரடியும் வைக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் ஊர்க் கடற்கரையோரம் குடியிருந்த அவருடைய மாமியையும் மாமியின் இரண்டு பிள்ளைகளையும் கடல் எடுத்தது. பிள்ளைகளில் ஒன்றின் மையித்து மட்டும் கிடைத்தது. அந்த மாமிதான் அவரை வளர்த்தவர் என்று சொல்லலாம். எங்கள் வீட்டிலிருந்து கடலுக்குக் கூப்பிடு தூரம். இரவில் சத்தம் கேட்கும். ஆனால் இருபது வருடங்களுக்கு மேலாக அவர் அந்தப் பக்கம் போனதில்லை. பெருநாள் பயணங்களில் அவரும் செருப்புக் காவலுக்குத்தான் இருப்பார். பிள்ளைகளுக்கு அதன் காரணம் தெரியாது. உம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்றுதான் நினைத்திருந்தார்கள்.

மறுநாள் ஸுபஹுக்குப் பின் அவரே சொன்னார், “வாங்க, ஆக்கள் எழும்ப முதல் போவம்.”

பாசிக்குடாவின் தண்ணீரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடாவின் வடிவமும், வெளியே கிடக்கும் முருகைக் கற்களும் அலையைத் தடுத்துவிடுகின்றன. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் ஆழம் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. அந்த நேரத்தில் கரையில் நாங்கள் இருவரும், தூரத்தில் ஒரு வாடியில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று மீனவர்களும் மட்டுமே. கருப்பு நைலோன் துணியில் தானே தைத்த குளியல் உடுப்பை அவர் அணிந்திருந்தார். இதையும் கவனியுங்கள், சகோதரிகளே. அபாயாவோடு கடலில் இறங்கக் கூடாது. நனைந்த துணி பாரமாகிக் காலைச் சுற்றிக்கொள்ளும்.

கணுக்கால் நனைந்ததும் நின்றார். வெகுநேரம் நின்றார். நான் கையை நீட்டினேன், அவர் பிடிக்கவில்லை. பிறகு முழங்கால். ஒரு சிறிய அலை வந்து, அலை என்று கூடச் சொல்ல முடியாது, ஒரு நெளிவு, அதற்கே பின்வாங்கிக் கரைக்கு ஓடிவந்துவிட்டார். மணலில் உட்கார்ந்துகொண்டு, “காணும்” என்றார். அன்று அவ்வளவுதான். நான் வற்புறுத்தவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் கல்குடாப் பக்கம் சைக்கிளில் போய்வந்தோம். அங்கே கடல் திறந்த கடல். அலை பெரிது, கரை சட்டென்று ஆழமாகும். பார்ப்பதற்கு மட்டும் போங்கள்.

அன்று மாலை வாடிப் பக்கம் நடந்தபோது வயதான மீனவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். ஹோட்டல்கள் வந்த பிறகு தோணி இழுத்து வைக்கும் இடம் சுருங்கிப் போனதைச் சொன்னார். தன் பேரன் ஒரு ஹோட்டலில் வேலை செய்வதையும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். சுனாமியைப் பற்றித் துணைவியார்தான் கேட்டார். அவரும் தன் வீட்டில் ஒருவரைக் கொடுத்தவர். “அதுக்குப் பிறகு எப்படி ஐயா கடலுக்குப் போனீங்க?” என்று கேட்டார். “வேற எங்க மகள் போற?” என்றார் அவர். வலையில் கிடந்த ஒரு சிறிய மீனைத் தூக்கித் தண்ணீருக்குள் எறிந்தார். பிறகு பீடியைப் பற்றவைத்தார்.

கடைசிக் காலை. இம்முறை என்னைக் கரையில் நிற்கச் சொன்னார். தனியே இறங்கினார். கணுக்காலில் நிற்கவில்லை. முழங்காலில் சற்று நின்றார். பிறகு நடந்தார். சூரியன் எழும் நேரம், தண்ணீர் முழுவதும் வெளிச்சம். அவர் ஒரு கரும்புள்ளியாகத்தான் தெரிந்தார். இடுப்பளவில் நின்றுகொண்டார். நான் எழுபது எண்பது அடி தூரத்தில் மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்கு மேலிருக்கும். ஒரு தடவை அப்படியே இருந்து தலையையும் நனைத்து எழும்பினார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பி வந்தபோது முகம் முழுவதும் தண்ணீர். எது கடல், எது கண்ணீர் என்று நான் பார்க்கவில்லை.

“மாமிக்கு யாஸீன் ஓதினன்,” என்றார். “தண்ணிக்குள்ள நிண்டு.”

அந்த ஹோட்டலின் எட்டுத் தலையணைகளுக்கும் நீலத் தடாகத்துக்கும் என் மகன் கட்டிய காசு எனக்குப் பெரிதாகவே பட்டிருந்தது. அந்தக் காலைக்குப் பிறகு அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. வசதியுள்ளவர்கள் ஹோட்டலில் தங்கலாம். இல்லாதவர்களுக்கு அந்தப் பக்கம் சிறிய விடுதிகளும் இருக்கின்றன. கடல் இரண்டு பேருக்கும் ஒன்றே. போவதானால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் போங்கள். ஒக்டோபருக்குப் பின் வாடைக் காற்றும் மழையும். அப்போது இந்தக் கடலையும் நம்பக் கூடாது. வார இறுதியையும் பெருநாளை ஒட்டிய நாட்களையும் தவிர்த்து, கிழமை நாட்களில் போங்கள். விடியற்காலை பெண்களுக்கு உரிய நேரம். ஆழம் குறைவு என்பதற்காகப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடாதீர்கள். மோட்டார் படகுகள் ஓடும் எல்லைக்குள் போகவும் வேண்டாம்.

திரும்பும்போது வெயிலுக்கு முன் புறப்பட முடியவில்லை. ஹோட்டல் பிள்ளைகள் சைக்கிள்களோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். வாழைச்சேனையில் இரண்டு சட்டி எருமைத் தயிர் வாங்கி, ஆளுக்கொன்றாக ஹேண்டிலில் கட்டிக்கொண்டோம். சித்தாண்டியில் விறகுக்காரத் தங்கச்சி தென்படுகிறாரா என்று துணைவியார் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார், காணவில்லை. ஏறாவூரில் ளுஹர், பகல் சாப்பாடு, மரத்தடியில் சிறு தூக்கம். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது அஸர் நேரம் ஆகியிருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் நான் திரும்பினேன். அவர் திரும்பவில்லை. நேரே போய்க் கடற்கரை வீதியில் சைக்கிளை விட்டார். நானும் பின்னால் போனேன். மாமியின் வளவு இருந்த இடத்தில் இப்போது ஒரு மதிலும் இரண்டு தென்னைகளும்தான். அங்கே இறங்கி, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, மணலில் இறங்கி நடந்தார். ஹேண்டிலில் தயிர்ச் சட்டி ஆடிக்கொண்டிருந்தது. அது சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நான் வீதியில் நின்றேன்.